ரோட்டோரத்தில் வைத்த கட்டைவிரல்

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 24 வயது. வீடு கடலூர் முதுநகர். புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். தினமும் பைக்கில்தான் போய் வருவேன். போன மாதம் ஒரு ராத்திரி பத்து மணி இருக்கும், எல்லை தாண்டியதும் வண்டியை நிறுத்தினார்கள். டிக்கி, தோள்பை, சாப்பாட்டு டப்பா எல்லாம் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. ஆர்.சி. கேட்டார்கள். டிஜிலாக்கரைத் திறந்து காட்டினேன். காட்டிக்கொண்டு இருக்கும்போதே ஒருவர் போனைக் கையில் வாங்கிவிட்டார். அது லாக் ஆனதும் "விரலை வைடா" என்றார். வைத்தேன். வாட்ஸ்அப், கேலரி என்று பத்து நிமிஷம் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நண்பன் ஒருவன் அனுப்பிய சரக்கு பாட்டில் படத்தைக் காட்டி "இவன் யாரு" என்றார். அப்புறம் விட்டுவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து அதே நண்பன் மேல் பாட்டில் கடத்தியதாகக் கேஸ். என்னை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி வாட்ஸ்அப்பில் மெசேஜ் வந்தது. போனேன். போனை வாங்கி மேஜை டிராயரில் போட்டுக்கொண்டு பின் நம்பர் கேட்டார்கள். நான் சொல்லவில்லை. "ஒத்துழைக்கலைன்னா உன் மேலயும் கேஸ் வரும்" என்றார்கள். ரசீது தரவில்லை. இன்றோடு 17 நாள். நான் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் படங்கள் அதில் இருக்கின்றன. அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. "தப்பு பண்ணாதவனுக்கு என்னடா பயம், நம்பரைக் குடுத்துட்டு வா" என்கிறார் மாமா. கொடுத்துவிடலாமா?
— பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: தம்பி, ஸ்டேஷனில் பின் நம்பர் சொல்லாமல் வந்தீர்களே, அது சரி. இனியும் சொல்ல வேண்டாம். ஆனால் எனக்குக் கவலை அந்த ஸ்டேஷன் காட்சியைப் பற்றி இல்லை. அதற்கு ஒரு வாரம் முன்னால், இருட்டில், ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வைத்தீர்களே ஒரு கட்டைவிரல், அதைப் பற்றித்தான். ஏன் என்று சொல்கிறேன்.

நம் எல்லையில் வண்டியை நிறுத்துவது புதிதில்லை. அந்தப் பக்கம் விலை குறைவு, இந்தப் பக்கம் 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம். பாட்டில் இருக்கிறதா என்று டிக்கியைத் திறக்கச் சொல்லலாம், பையைப் பார்க்கலாம். சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறந்து பார்க்கட்டும், போகட்டும். போனுக்குள் குவார்ட்டர் பாட்டில் ஒளித்து வைக்க வழியில்லை. வழக்கு இல்லை, குற்ற எண் (எஃப்.ஐ.ஆர். எண்) இல்லை, உங்கள் மேல் சந்தேகம் வரக் காரணமும் இல்லை. அப்படிப்பட்ட ஒருவரின் வாட்ஸ்அப்பைச் சாலையில் நின்று படிக்க எந்தச் சட்டப் பிரிவும் அனுமதி தரவில்லை. 2021-இல் ஹைதராபாத்தில் போலீஸார் போகிற வருகிற இளைஞர்களின் போனை வாங்கி, கஞ்சா என்ற வார்த்தை எங்காவது இருக்கிறதா என்று தேடிய காட்சிகள் வெளிவந்து நாடு முழுக்கப் பேச்சானது. அப்போதும் எந்தப் பிரிவின்கீழ் என்பதுதான் கேள்வி.

சரி, சட்டவிரோதம் என்றால் அப்படி எடுத்த தகவலைக் கோர்ட் தூக்கி எறிந்துவிடும் என்று நினைப்பீர்கள். நானும் சட்டக் கல்லூரி முதல் வருஷத்தில் அப்படித்தான் நினைத்தேன். சினிமாவில் பார்க்கிற அமெரிக்கக் கோர்ட்டில் அது ஓரளவு உண்மை. அங்கே கைது செய்யப்பட்டவரின் போனைக்கூட வாரண்ட் இல்லாமல் திறந்து பார்க்கக் கூடாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. நம் ஊரில் 1973-இல் பூரண் மல் வழக்கில் ஐந்து நீதிபதிகள் வேறு வழியில் போனார்கள். அது வருமான வரிச் சோதனை பற்றிய வழக்கு. சோதனை முறைகேடாக நடந்திருந்தாலும், கிடைத்த ஆவணம் வழக்குக்குப் பொருத்தமானது என்றால் அந்தக் காரணத்துக்காக மட்டும் அதை ஒதுக்க வேண்டியதில்லை என்றார்கள். ஐம்பது வருஷமாக இதுதான் நடைமுறை. பின்வாசல் வழியாக வந்த காகிதமும் கோர்ட்டுக்கு வந்துவிட்டால் காகிதம்தான்.

அதனால்தான் சொல்கிறேன், நம் நாட்டில் இந்த உரிமைக்கு உயிர் இருப்பது கதவு திறக்கும்வரைதான். உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனபின் கையில் மிஞ்சுவது புகார் மனு. நீங்களே விரலை வைத்துவிட்டதால் "அவரே சம்மதித்துத் திறந்து காட்டினார்" என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள். பத்து மணி இருட்டில், காக்கிச் சட்டைக்கு முன்னால், 24 வயசுப் பையன் கொடுப்பதற்குச் சம்மதம் என்று பெயர் வைக்க எனக்கு மனசு வராது. ஆனால் கோர்ட்டில் அதை நிரூபிக்கும் பாரம் நம் தலையில்தான் விழும்.

இதில் ஒரு சின்ன வெளிச்சம் தெரிகிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவிலேயே அது அடங்கியிருக்கிறது என்றார்கள். பூரண் மல் தீர்ப்பு வந்த காலத்தில் அப்படி ஒரு அடிப்படை உரிமையைக் கோர்ட் ஏற்கவில்லை. அடித்தளம் மாறியபின் மாடி மட்டும் அப்படியே நிற்கலாமா என்பது இன்று சட்ட உலகில் நடக்கும் நல்ல சண்டை. நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2025 ஜூலையில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தொலைபேசி ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தார். சட்டம் சொன்ன எல்லையைத் தாண்டி ஒட்டுக்கேட்டது அந்தரங்க உரிமை மீறல், அப்படிப் பதிவான பேச்சை எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னார். ஒட்டுக்கேட்பதற்கென்று தனிச் சட்டமும் விதியும் உண்டு, ரோட்டில் போனைத் தள்ளிப் பார்ப்பதற்கு அப்படி எதுவும் இல்லை. விதி இருக்கிற இடத்திலேயே மீறினால் செல்லாது என்றால், விதியே இல்லாத இடத்தில் எப்படிச் செல்லும்? உங்கள் வக்கீல் இந்த வாதத்தைத் தாராளமாக வைக்கலாம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் போலீஸ் வேறு, அரசு வேறு. உயர் நீதிமன்றம் ஒன்றுதான்.

இனி பின் நம்பர். அரசியலமைப்பின் 20(3) பிரிவு, குற்றம் சாட்டப்பட்ட யாரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. இதற்கு உச்ச நீதிமன்றம் 1961-இல் காத்தி காலு வழக்கில், பதினோரு நீதிபதிகள் உட்கார்ந்து, ஒரு கோடு போட்டது. உடம்பிலிருந்து எடுப்பது வேறு, மனசிலிருந்து எடுப்பது வேறு. கைரேகை, கையெழுத்து மாதிரி கேட்கலாம், அது சாட்சி சொல்வது ஆகாது. மனசில் இருக்கிற தகவலைக் கட்டாயப்படுத்தி வாங்கினால்தான் தவறு. 2010-இல் செல்வி வழக்கில் நார்கோ ஊசி, பொய் கண்டறியும் கருவி, மூளை அலைப் பதிவு ஆகியவற்றைச் சம்மதமில்லாமல் செய்யக் கூடாது என்று இந்தக் கோட்டை இன்னும் அழுத்தமாக வரைந்தார்கள்.

இந்தக் கணக்குப்படி பார்த்தால் பின் நம்பர் மனசில் இருப்பது, கட்டாயப்படுத்த முடியாது. கட்டைவிரல் உடம்பு, கேட்கலாம். ஒரே பூட்டு, இரண்டு சாவி. ஒரு சாவிக்குப் பாதுகாப்பு உண்டு, இன்னொன்றுக்கு இல்லை என்று ஆகிறது. எனக்கு இது ஒப்பவில்லை. 1961-இல் விரல் ரேகை என்றால் மை தடவி உருட்டி, சம்பவ இடத்தில் கிடைத்த ரேகையோடு ஒப்பிடுவது. அங்கே விரல் அடையாளம் மட்டும். போனில் வைக்கிற விரல் ஒப்பிடுவதற்கு இல்லை, திறப்பதற்கு. "இது என் போன், இதை என்னால் திறக்க முடியும்" என்று வாய் திறக்காமல் சொல்வதுதானே அது? என் பார்வையில் அந்த விரலும் பேசுகிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 349-ஆம் பிரிவு மாஜிஸ்திரேட் உத்தரவோடு விரல் ரேகை எடுக்கலாம் என்கிறது; அது மாதிரி எடுப்பதற்கு. பூட்டுத் திறக்க அதை நீட்டினால் நான் எதிர்த்து நிற்பேன்.

பின் நம்பர் விஷயத்திலும் நீதிமன்றங்கள் ஒத்துப்போகவில்லை. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் வீரேந்திர கன்னா வழக்கில், பாஸ்வேர்டு தருவது ஆவணத்தை எடுத்துக் கொடுப்பது மாதிரிதான், 20(3) அங்கே வராது என்றது. அதே தீர்ப்பில், அவசரச் சூழ்நிலை தவிர மற்றபடி போனைத் துழாவ வாரண்ட் வேண்டும் என்றும் சொன்னது. போலீஸ் தரப்பு முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டும், நீங்கள் இரண்டாம் பாதியைப் படிக்கச் சொல்லுங்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2023-இல், விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது குற்றம் சாட்டப்பட்டவரைப் பாஸ்வேர்டு சொல்லும்படி வற்புறுத்த முடியாது, 20(3) தடுக்கிறது என்றது. இரண்டுமே நம்மைக் கட்டாது, எடுத்துக்காட்டலாம். உச்ச நீதிமன்றம் நேரடியாகத் தீர்த்து வைக்கவில்லை. பத்திரிகையாளர்களின் கருவிகளைக் கைப்பற்றுவது குறித்த வழக்கில், 2023 நவம்பரில், இதற்கு வழிகாட்டு நெறிமுறை வேண்டும் என்று மத்திய அரசிடம் சொன்னது. வழக்கு போட்டது பத்திரிகையாளர்கள். கேள்வி பில் போடுகிறவருக்கும் சேர்த்துத்தான்.

(புதுச்சேரியில் பாதி வீட்டுக்குப் பிரான்ஸில் ஒரு சொந்தம் இருக்கும், அவர்களிடம் கேட்டால் பயமுறுத்துவார்கள். அங்கே 2022-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், சில நிபந்தனைகளோடு, போன் திறக்கும் எண்ணைத் தர மறுப்பதே குற்றமாகலாம் என்று தீர்த்துவிட்டது. அது அவர்கள் சட்டம். மிஷன் வீதியில் பிரெஞ்சுப் பெயர்ப்பலகை தொங்குவதால் இங்கே வந்துவிடாது.)

உங்கள் நிலைமைக்கு வருவோம். 20(3) "குற்றம் சாட்டப்பட்டவர்" என்று சொல்கிறது. உங்களை என்னவாக அழைத்தார்கள்? சாட்சியாகவா, சந்தேக நபராகவா? அதை அவர்கள் சொல்லவே இல்லை, வேண்டுமென்றே சொல்லாமலும் இருப்பார்கள். சாட்சி என்றால் அந்தப் புதிய நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவில் எழுத்து மூலம் அழைப்பு வர வேண்டும். சந்தேக நபர் என்றால் 35(3)-இல் நோட்டீஸ். அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அடுத்த முறை மெசேஜ் வந்தால், "ஐயா, எந்த வழக்கு, எந்தப் பிரிவில் அழைக்கிறீர்கள் என்று எழுத்தில் கொடுங்கள், கட்டாயம் வருகிறேன்" என்று பணிவாகப் பதில் போடுங்கள். அந்த மெசேஜை அழிக்காதீர்கள். சாட்சியாகவே இருந்தாலும், தன்மேல் குற்றம் வரக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று 180(2) சொல்கிறது. 1978-இல் நந்தினி சத்பதி வழக்கில், இந்த மௌன உரிமை கோர்ட் கூண்டில் மட்டும் இல்லை, போலீஸ் விசாரணையிலேயே தொடங்குகிறது என்று நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். ஒரு மாநில முன்னாள் முதல்வருக்குக் கிடைத்த பாதுகாப்பு அது. துணிக்கடை ஊழியருக்கும் அதேதான்.

"உன் மேலயும் கேஸ்" என்ற மிரட்டலில் அவர்கள் நினைப்பது அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்த குற்றமாக இருக்கும். வாயை மூடிக்கொண்டு இருப்பது தடுப்பது ஆகாது. போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாலோ கையைத் தட்டிவிட்டாலோ கதை வேறு, அதைச் செய்யாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவைச் சொல்லி ஏழு வருஷம் ஜெயில் என்று யாராவது பயமுறுத்தலாம். அந்தப் பிரிவு உண்மை, ஏழு வருஷமும் உண்மை. ஆனால் அதற்கு உத்தரவு போட வேண்டியவர் உள்துறைச் செயலாளர் மட்டத்தில் இருப்பவர். ஸ்டேஷன் மேஜையில் உட்கார்ந்து வாய்மொழியாகப் போடுகிற உத்தரவு இல்லை அது.

மாமாவுக்கு ஒரு பதில். மாமாவின் போனை வாங்கி, கேலரியில் மேலே தள்ளிக்கொண்டே போகச் சொல்லுங்கள். அத்தையின் ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கும். நகை அடகு வைத்த சீட்டைப் படம் எடுத்து வைத்திருப்பார். ஏ.டி.எம். நம்பர் எழுதிய துண்டுச்சீட்டு இருக்கலாம். பங்காளிச் சண்டையில் யாரோ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இருக்கும். இதில் எது தப்பு? ஒன்றுமில்லை. ஸ்டேஷனில் வைத்து நாலு பேர் பார்க்க விடுவாரா என்று கேளுங்கள்.

அந்தப் பெண்ணிடம் நடந்ததை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். வேறு யார் மூலமாவது தெரிந்தால் அதுதான் பெரிய வழக்காகிவிடும். அவருடைய அந்தரங்கத்துக்கும் அதே 21-ஆம் பிரிவுதான்; நீங்கள் சம்மதித்தாலும் அவர் சம்மதித்ததாக ஆகாது. அந்தரங்கமான படம் எதுவும் அந்தப் போனிலிருந்து வேறு போனுக்குப் போனால் அது தனிக் குற்றம், செய்தவர் யூனிஃபார்ம் போட்டிருந்தாலும் சரி.

இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருப்பீர்கள்: வேறொரு போனிலிருந்து கூகுள் கணக்கில் நுழைந்து, தூரத்திலிருந்தே எல்லாவற்றையும் அழித்துவிடுவது. செய்யாதீர்கள் தம்பி. சாட்சியமாகப் போகக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆம் பிரிவில் குற்றம். இதுவரை உங்கள் மேல் ஒன்றும் இல்லை, நீங்களே ஒன்றை உண்டாக்கிக் கொடுத்தது போலாகும். டூப்ளிகேட் சிம் வாங்குங்கள், பேங்க்கில் சொல்லி யு.பி.ஐ.யை நிறுத்துங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போனைத் திரும்ப வாங்குவதுதான் இப்போதைய வேலை. விசாரணைக்குத் தேவை என்றால் ஒருவரிடமிருந்து போனைப் பெற அதே நடைமுறைச் சட்டத்தின் 94-ஆம் பிரிவில் எழுத்து மூலம் உத்தரவு தரலாம். குற்றம் சாட்டப்பட்டவரிடம் அதையும் பயன்படுத்த முடியாது, 1964-ஆம் வருஷத்துத் தீர்ப்பு இருக்கிறது. கைப்பற்றினால் மகஜர் (எதை, எங்கே எடுத்தார்கள் என்ற எழுத்துப் பதிவு) போட வேண்டும். 2024 ஜூலை 1-க்குப் பிறகு 105-ஆம் பிரிவின்படி கைப்பற்றுவதையே வீடியோ எடுத்துத் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். உங்கள் விஷயத்தில் நடந்தது டிராயரைத் திறந்ததும் மூடியதும்தான். முதலில் இன்ஸ்பெக்டருக்கு ஒரு கடிதம்: எந்தத் தேதி, எத்தனை மணி, யார் வாங்கினார், எந்த மாடல் போன், ரசீது தரவில்லை, எந்தக் குற்ற எண்ணில் வைத்திருக்கிறீர்கள் என்று. கோபமான வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள், ஒரு நகல் எஸ்.பி. அலுவலகத்துக்கு. பத்தில் ஐந்து போன் இந்தக் கடிதத்திலேயே திரும்பி வந்துவிடும், என் அனுபவத்தில்.

வராவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 497, 503 பிரிவுகளின்கீழ் பொருளைத் திருப்பித் தரச்சொல்லி மனு. 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், கைப்பற்றிய பொருளைப் பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டேஷனில் போட்டு வைக்கக் கூடாது என்று சொன்னது. அந்தத் தீர்ப்பை மனுவில் கட்டாயம் எழுதுங்கள். ஏன் அவசரப்படுத்துகிறேன் என்றால், என் கட்சிக்காரர் ஒருவரின் போன் ஒன்பது மாதம் கழித்து வந்தது. காக்கிக் கவர், அரக்கு முத்திரை, எல்லாம் முறையாகவே இருந்தது. உடைத்துப் பார்த்தால் பேட்டரி உப்பி, திரை ஒரு பக்கம் அப்பளம் போல எழும்பி நிற்கிறது. அவர் பெண் குழந்தை முதல் முதலாக நடந்த வீடியோ அதில் இருந்தது.

உங்கள் போனில் இருப்பதைச் சாட்சியமாகக் கொண்டுவர நினைத்தாலும் அவர்களுக்குச் சிக்கல் இருக்கிறது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹேஷ் மதிப்பு எழுத வேண்டும். அது பதிவின் கைரேகை மாதிரி. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். ரோட்டில் பத்து நிமிஷம் தள்ளிப் பார்த்து, டிராயரில் 17 நாள் கிடந்த போனில் எது எப்போது மாறியது என்று குறுக்கு விசாரணையில் கேட்க நிறைய இருக்கிறது.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் கடலூர் கோர்ட்டில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுங்கள். என்னிடம் வாருங்கள் என்று எழுத எனக்கு அனுமதியில்லை, விளம்பரம் ஆகிவிடும்.

நாளைக்கும் அதே சாலையில்தான் போக வேண்டும். ஆர்.சி., லைசென்ஸ் இரண்டின் ஒரிஜினல் அட்டையையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்; பேப்பரைக் கேட்டால் பேப்பரைக் கொடுக்கலாம், போன் பாக்கெட்டிலேயே இருக்கும். புதுப் போன் வாங்கினால் பவர் பட்டனை அழுத்தியதும் வரும் மெனுவில் லாக்டவுன் என்ற வசதி இருக்கிறதா பாருங்கள். அதைத் தொட்டால் அடுத்த முறை விரல் வேலை செய்யாது, பின் நம்பர்தான். இல்லாவிட்டால் போனை அணைத்துப் போட்டாலே போதும். கேட்டால், "ஐயா, பையைப் பாருங்க, வண்டியைப் பாருங்க, போனுக்கு எழுதிக் குடுங்க." அதற்கு மேல் வாதம் வேண்டாம். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் லத்தி அவர் கையில் இருக்கிறது.

மனுவோடு போன் வாங்கிய பில்லை இணைக்க வேண்டும். பில் தொலைந்திருந்தால், அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் ஐ.எம்.இ.ஐ. எண் ஒட்டியிருக்கும், அதைப் படம் எடுத்துப் போடுங்கள். அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாத அம்மா உங்கள் வீட்டிலும் இருப்பார் என்று நம்புகிறேன், பரண்மேல் தேடுங்கள்.